வெள்ளிக்கிழமை வாசல் தாண்டாத பெஞ்சு

மகனை ஒரு ராத்திரியாவது வீட்டில் தங்கவைக்க வேண்டும் என்றுதான் தேவேந்திரன் பெஞ்சை விற்பதாகச் சொன்னார்.

சுதீர் அமெரிக்காவிலிருந்து ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் வந்து பத்து நாளாகியிருந்தது. போனில் வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டாலும் "பாக்கிறேன் நைனா" என்றான். திருப்பதியிலிருந்து ஒரு வியாபாரி பெஞ்சைக் கேட்கிறான், நீ வந்து பேசி முடி என்றதும், "வெள்ளிக்கிழமை வரேன், மத்தியானமே கெளம்பிடணும்" என்றான். கிழமையைக் கேட்டதும் தேவேந்திரனுக்கு யோசனை ஓடியது. புத்தூர்ப் பக்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமை எந்தச் சாமானும் வாசல் தாண்டாது. அடுத்த வீட்டார் ஒரு கை உப்புக் கேட்டாலும் நாளைக்கு வா என்பார்கள். பெஞ்சு சனிக்கிழமைதான் போகும். அதுவரை மகன் இருந்துதானே ஆக வேண்டும்?

பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாவிடம் சனிக்கிழமைக்கு இட்லி மாவுக்கும் நாட்டுக்கோழிக்கும் சொல்லிவைத்தார். பஜாரில் புதுத் தலையணை ஒன்று வாங்கினார்.

பெஞ்சு அவர் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்தபோது வந்தது. ரேணிகுண்டாவில் பழைய ரயில்வே பங்களாவைக் காலிசெய்து ஏலம் விட்டார்கள். ஆறடி நீளம், ஆளுயரச் சாய்வு, உட்காரும் பலகையைத் தூக்கினால் அடியில் பெட்டி. சாய்வு முழுக்க இலைகளும் சின்னச் சின்னக் காய்களும் உளியால் செதுக்கியது. கனத்துக்குப் பயந்து யாரும் கேட்கவில்லை, அவர் கேட்டார். அந்த இலைகளை வெற்றிலை, காய்களைப் பாக்கு என்று முடிவுசெய்துவிட்டாள் அவர் மனைவி யசோதா. வெற்றிலையும் பாக்கும் இருக்கிற மரம் மங்கலம் என்று வெள்ளிக்கிழமைதோறும் நடுவில் இருந்த காய்க்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். அவள் போய் மூன்று வருஷம். இன்னமும் தேவேந்திரன் இடது கோடியில்தான் உட்காருகிறார். வலது கோடி அவளுடையது.

வெள்ளிக்கிழமை வியாபாரி அப்பாவு பதினொரு மணிக்கு வந்தான். சுதீரின் வாடகைக் கார் அதற்குச் சற்று முன்புதான் வந்திருந்தது. அப்பாவு விரல் மடக்கிச் சாய்வைத் தட்டினான்.

"தேக்கு இல்ல சார், ஓக்கு. சீமை மரம். கப்பல்ல வந்திருக்கும். பெங்களூர்ல புதுசா ஓட்டல் கட்றவங்க இதைத்தான் கேட்டுக்கினு இருக்காங்க." குங்குமம் ஊறிய காயை நகத்தால் சுரண்டினான். "இதைப் பெயின்ட் தின்னர் போட்டு எடுத்துரலாம்."

விலை சீக்கிரமே படிந்தது. சுதீர் பேரம் பேசவில்லை, கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னிக்கே தூக்கிடுங்க."

"இன்னிக்கு எப்படிடா?" என்றார் தேவேந்திரன். "வெள்ளிக்கெழமை."

சுதீர் சிரித்துவிட்டான். "நீயா நைனா வெள்ளிக்கெழமை பாக்குற? அம்மா மோர் குடுக்க மாட்டேன்னு சொன்னா, 'உங்க லட்சுமி மோர்லயா ஏறிப் போவா'ன்னு கிண்டல் பண்ணுவியே."

"அப்ப அவ பாத்துக்கினா. இப்ப யாரு பாக்கிறது?"

சிரிப்பு நின்றது. சுதீர் பெஞ்சையும் சுவரில் இருந்த அம்மா படத்தையும் பார்த்தான். பையிலிருந்து செல்போனை எடுத்தான்.

"டிரைவர் காலைல வரைக்கும் இருப்பானான்னு கேக்கறேன். ஃப்ளைட்டு நாளைக்கு ராத்திரிதான்."

தேவேந்திரனின் கை தானாகத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தது.

"எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்?" என்றான் அப்பாவு. நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். "எங்களுக்குத் தெரியாத வெள்ளிக்கெழமையா? பாதி ஊடுங்கள்ல இதே கதைதான். பணத்தை இன்னிக்கே வாங்கிக்குங்க. லட்சுமி உள்ள வர்றதுக்கு இதைவிட நல்ல நாள் ஏது? சாமான் இங்கியே இருக்கட்டும். நாளைக்குக் காலைல நாலு ஆளோட வந்து எடுத்துக்கினு போறேன். பெரியவர் இருந்தாப் போதும்."

அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விற்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று தேவேந்திரனுக்குத் தோன்றியது. அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்ட என்று மகன் கேட்பான். உன்னைப் பார்க்கத்தான் என்று அவர் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு," என்றான் சுதீர். செல்போன் பைக்குள் போனது. அப்பாவு பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சுதீர் சாம்பார் சாதம் சாப்பிட்டான். மனைவி ஹரிதாவும் குழந்தையும் விசாரித்ததாகச் சொன்னான். "பாத்துக்க நைனா, வேளைக்குத் துன்னு," என்று அம்மா பேசுகிற மாதிரியே சொல்லிவிட்டு ரெண்டு மணிக்குக் காரில் ஏறினான். புதுத் தலையணை பிளாஸ்டிக் உறையோடு கட்டில்மேல் இருந்தது. அதை அவன் பார்க்கவில்லை.

தேவேந்திரன் பலகையைத் தூக்கி யசோதாவின் ரெண்டு கம்பளிகளையும் ஒரு பட்டுச் சேலையையும் வெளியே எடுத்தார். பலகையை மூடி, பழக்கத்தில் இடது கோடியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பணம் வாங்கிவிட்ட பொருள் என்ற நினைப்பு வந்தது. எழுந்து எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் மதில்மேல் சுந்தரம்மாவின் தலை தெரிந்தது.

"இன்னாண்ணா, கார் போயிட்டுதே? மாவு ஆட்டவா, வாணாவா?"

"ஆட்டும்மா."

"ஒருத்தருக்குப் போதுமா?"

"பெஞ்சு தூக்க நாலு ஆளு வராங்க. வியாபாரி ஒருத்தரு. கோழியும் அடிச்சுடு. அவங்க உக்காந்து துன்னுட்டுத்தான் தூக்கணும்."