கால் கழுவும் கல்லருகே ஒரு செம்பருத்தி

“ஊத்துல தண்ணி நூலாட்டம் வருது. நீ பூச்செடிக்கு ஊத்தறியா?”

மாதேஸ்வரன் வாசலில் நின்று கேட்டான். அவன் மனைவி அத்தாயி குடத்தைச் சட்டென்று நிமிர்த்தினாள்.

“மொட்டு வெச்சிருக்குதுங்க. ஏழு மொட்டு.”

“மொட்டைக் களி கிண்டித் திங்கவா? மழை வர்ற வரைக்கும் அதுக்கு ஒரு சொட்டு ஊத்தக் கூடாது.”

“சரிங்க. நான் ஊத்த மாட்டேன்.”

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; வளப்பூர் நாட்டிலிருந்து சந்தைக்கு இறங்குகிறவர்கள் அவர்கள் வாசல் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். செம்பருத்தி நின்றதோ, வருகிறவர்கள் கால் கழுவும் கல்லை ஒட்டி. அத்தாயி கல்லைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் மிளகு மூட்டையோடு பாவாயி போனாள்.

“பாவாயக்கா, வாங்க! கூழ் குடிச்சிட்டுப் போங்க.”

“நேத்துதான கண்ணு குடிச்சேன்?”

“அது நேத்து. இந்தாங்க செம்பு. கல்லு மேல நில்லுங்க. கொஞ்சம் செடிப் பக்கமா. அந்தக் காலு?”

“அது சுத்தமாத்தான் இருக்குது!”

“கழுவுங்கக்கா.”

பாவாயிக்கு விளங்கிவிட்டது. “இதுக்கு உன் காலையே கழுவலாமே?”

“நான் கழுவினா ஊத்தின மாதிரிதான். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?”

பத்து நாளில் அந்த வழியில் போனவர்கள் யாருமே அழுக்குக் காலோடு போகவில்லை. மொட்டுகள் பருத்தன. கூழ்ச் சட்டி மட்டும் தினமும் காலி.

“எனக்குக் கூழ் எங்க புள்ள?” என்றான் மாதேஸ்வரன்.

“வந்தவங்க குடிச்சாங்க.”

“அரைச் செம்புத் தண்ணிக்கு ஒரு சட்டிக் கூழா?”

“வந்தவங்களுக்குக் கால் கழுவத் தண்ணி கொடுக்காதேன்னு சொல்லுங்க, நிறுத்திடறேன்.”

“அதெப்படிச் சொல்ல முடியும்?”

“அப்பக் கூழைப் பத்திப் பேசாதீங்க.”

பிறகு, கீழே புளியஞ்சோலைப் பக்கம் திருவிழா வந்தது. மலையே இறங்கிப் போய்விட்டது. நான்கு நாள் வழியில் ஓர் ஆள் இல்லை. இலைகள் தொங்கின, ஒரு மொட்டு உதிர்ந்தது. அத்தாயி அதை எடுத்து முந்தானையில் முடிந்தாள். மாதேஸ்வரன் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு போனான்.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு வெளியே ஒரு குரல்.

“ஏனுங்க, ஊட்டுல யாருங்க?”

எட்டிப் பார்த்தாள். மாதேஸ்வரன்தான்.

“காலைக் கழுவத் தண்ணி கிடைக்குங்களா?”

அத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு செம்பை நீட்டினாள். அவன் கல் மேல் நின்று, ஒவ்வொரு விரலாகக் கழுவினான். வீட்டுக்குள் நுழைந்து, பின்பக்கமாக வெளியேறி, மறுபடி வேலியோரம் வந்தான்.

“ஏனுங்க, ஊட்டுல யாருங்க?”

“இப்ப வந்தவரு எந்த ஊருங்க?”

“திண்ணனூர் நாடுங்க.”

“அங்க உங்க ஊட்டுக்காரி தண்ணி தர மாட்டாளா?”

“அவளுக்குப் பூ இருந்தாப் போதுங்க. புருசனுக்குக் கூழ்கூட மிஞ்சாது.”

அன்று ஐந்து விருந்தாளிகள் வந்தார்கள். ஐந்து பேருக்கும் கூழ் கிடைத்தது.

மூன்றாம் நாள் காலையில், முதல் பூ விரிந்தது, அடுக்கடுக்காக, உள்ளங்கை அகலத்துக்கு. அத்தாயி ஓடி வருவதற்குள் மாதேஸ்வரன் வாசலில் நின்று, திருவிழா முடிந்து மேலேறி வரும் கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

“பாவாயக்கா! எல்லாரும் வாங்க, வாங்க! ஏ அத்தாயி, செம்பை எடு. பெரிய சட்டியில கூழ் வை!”