முத்திரை போட மறுத்தவள்

உயரமான கட்டிடங்களில் தொங்கி வேலை செய்பவர்கள் இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டுகளைத் தைக்கும் தொழிற்சாலை அது. அங்கே எல்லோருக்கும் அவள் 'செக்கிங் அக்கா'. தைத்து அடுக்கிய ஒவ்வொரு கட்டிலிருந்தும் நாலு பெல்ட்டை எடுத்து இயந்திரத்தில் மாட்டி இழுப்பாள். தையல் தாங்கினால் 'பாஸ்' என்று முத்திரை குத்துவாள்.

போன வருடம் ஒரு கட்டு பெல்ட்டுகளை இழுத்துப் பார்க்காமலே முத்திரை குத்தினாள். மேலாளர் அவசரப்படுத்தினார், லாரி வாசலில் நின்றது. யாரும் விழுந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஜெபம் வரவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவள், முழங்காலிட்டால் வாயடைத்துப் போனாள். பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து, "பொய் முத்திரை போட்டுட்டேன், ஆண்டவரே," என்றாள். அவ்வளவுதான் வந்தது. கூடவே அழுகையும்.

பிறகு தினமும் அந்தப் படியில் பத்து நிமிடம். அலங்கார வார்த்தை ஒன்றும் கிடையாது. வீட்டு மனிதரிடம் பேசுவதுபோல் கிறிஸ்துவிடம் பேசினாள், சில நாள் சண்டையும் போட்டாள். மருமகளிடம் எரிந்து விழுவது குறைந்தது. ஊர்வம்பு பேசக் கூப்பிட்டால் கால் நகரவில்லை. ஒரேயொரு விஷயம் மட்டும் முள்ளாய் உறுத்தியது: அந்தப் பழைய கட்டு.

இந்த வருடம் தைக்க இன்னும் மெல்லிய நூல் வந்தது. இழுத்த நாலு பெல்ட்டில் மூன்று பிய்ந்தன.

"சீல் போடுங்கக்கா. தேதி நெருங்கிடுச்சு," என்றார் மேலாளர்.

"மாட்டேன் சார்."

"போன தடவ போட்டீங்களே?"

"போட்டேன். தப்பு. அந்தக் கட்டையும் திரும்ப வரவழைங்க."

மேலாளரின் முகம் சிவந்தது. "உங்க இயேசுவா சம்பளம் குடுக்கிறாரு?"

"இல்ல சார், நீங்கதான் குடுக்கிறீங்க. என் வேலைக்குத்தான் குடுக்கிறீங்க. என் கையி அவருக்குச் சொந்தம். அத உங்களுக்கு விக்க எனக்கு அதிகாரமில்ல."

தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேலாளர் முத்திரையை வாங்கக் கை நீட்டினார். அவள் முத்திரையைக் கொடுக்கவில்லை. பழைய கட்டின் எண்ணை எழுதி, தான் செய்ததையும் மறைக்காமல், வாங்கிய நிறுவனத்துக்குத் தானே கடிதம் போட்டாள்.

மறுநாளே அவளை நூல் வெட்டும் பிரிவுக்குத் தள்ளினார்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை. முழங்கால் வீங்கியது. "நல்லா மாட்டிவிட்டீங்க என்னை!" என்று ஆண்டவரைத் திட்டினாள். ஆனால் திட்டும்போதும் அவர் பக்கத்தில்தான் இருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது. வாயடைத்துக் கிடந்த அந்தப் பத்து நாளைவிட இந்த வலி எவ்வளவோ மேல்.

மூன்று வாரத்தில் பழைய பெல்ட்டுகள் திரும்பி வந்தன. இழுத்ததில் பாதி பிய்ந்தன. மெல்லிய நூலை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மேலாளர் அவளைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் அவளைப் பாராட்டவில்லை. பழைய வேலையும் திரும்பி வரவில்லை.

உத்தரவு வந்த அன்று மாலை அவள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கணவர் கேட்டார்: "மறுபடியும் அந்த வேலைக்குக் கூப்பிட்டா போவியா?"

"போவேன். மறுபடியும் இதே சண்டதான் வரும்னு முன்னாடியே சொல்லிட்டுப் போவேன்."