விருந்தாளிக்கான முழுக்கு

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கான முப்பத்தாறு குட்டிக் கண்ணாடித் தம்ளர்களையும் சனிக்கிழமையே கழுவித் துடைத்து, மேசை விரிப்புக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைப்பது நான்தான். பதினான்கு வருடமாகச் செய்கிறேன். அந்தத் தம்ளர்களில் ஒன்றைக்கூட என் உதட்டில் வைத்ததில்லை. திராட்சைச் சாறு முன்பெஞ்சிலிருந்து வரிசை வரிசையாக வரும். எனக்கு முந்தைய பெஞ்சோடு தட்டு திரும்பிவிடும். என் பெஞ்சு கடைசி. அதற்கு ஒரு கால் குட்டை.

காரணம் ஒசெலூஸ். என்னோடு இருபத்திரண்டு வருடமாக வாழ்கிறவன். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். வள்ளிக்கிழங்கு போடுகிறான், என்மேல் கை நீட்ட மாட்டான், இன்னொரு வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆனால் என் விரலில் மோதிரம் போட்டதுமில்லை. மோதிரம் இல்லாமல் ஒருவனோடு வாழ்கிறவளுக்கு எங்கள் சபையில் ஞானஸ்நானம் கிடையாது. ஞானஸ்நானம் இல்லாதவளுக்குத் திருவிருந்து கிடையாது. இந்தச் சட்டத்தை எங்கள் மலைக்குக் கொண்டுவந்தவர், என் அம்மா பிறப்பதற்கு முன்னால் வந்த ஒரு வெள்ளைக்கார மிஷனரி. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சட்டம் மட்டும் நல்ல திடகாத்திரமாக இருக்கிறது.

கல்யாணம் என்று வாய் திறந்தால் ஒசெலூஸ் உடனே கேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

"அஞ்சு அடுக்கு இல்லாம கேக்கா? எனக்குக் கறுப்புக் கோட்டு, உனக்குத் தரையில இழுபடுற கவுன், ஊருக்கே ஆட்டுக்கறி, கறுப்புக் காளான் சோறு. அதெல்லாம் இல்லாம, ஒசெலூஸ் கல்யாணத்துக்குப் போனோம், மூணு அடுக்குதான் கேக்குன்னு நாளைக்கு ஊர் பேசணுமா? கொஞ்சம் பொறு லாமெர்சி. அடுத்த அறுவடை முடியட்டும்."

அறுவடை முடியும். புயல் வரும், இல்லாவிட்டால் ஆட்டுக்குச் சீக்கு வரும். நானும் பொறுத்தேன். பொறுத்த நேரத்தில் ஞானோபதேசத்தின் எண்பத்து நாலு கேள்விகளையும் பதில்களையும் மனப்பாடம் செய்துவிட்டேன். வகுப்பில் மற்றவர்கள் திணறும்போது பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பது நான். நான் எடுத்துக் கொடுத்துத் தேறியவர்கள் எல்லாம் முன்பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். சிலர் இப்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எங்களிடம் ஞானஸ்நானம் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இரண்டு வருடம் வகுப்பு, சபை முன்னால் பரீட்சை, மூன்று நாள் உபவாசம். பிறகு விடியற்காலையில், தலையில் வெள்ளைத் துணி கட்டி, பாட்டோடு ஆற்றுக்கு நடக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஜூலையிலும் அமெரிக்காவிலிருந்து வருகிற பாஸ்டர் டக்கின் கோஷ்டிக்கு இருப்பதோ ஏழு நாள். எல்லோரும் ஒரே ஆரஞ்சு நிறச் சட்டையில் வருவார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சுவருக்கு மஞ்சள் அடிப்பார்கள். போன வருடம் அடித்த மஞ்சளே நன்றாகத்தான் இருக்கும்; இருந்தாலும் அடிப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆற்றில் ஞானஸ்நானம். அதற்காகவே பன்னிரண்டு வெள்ளை அங்கிகளை மடித்துப் பெட்டியில் கொண்டுவருவார்கள்.

நல்ல மனிதர்கள்தான். குற்றம் சொல்ல மாட்டேன். பாஸ்டர் டக் எங்கள் அவித்த கிழங்கை முகம் சுளிக்காமல் சாப்பிடுவார், வெறும் தரையில் படுப்பார், கொசு கடித்துக் கால் இரண்டும் தடித்துப்போனாலும் சிரிப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், "ஐயா, இந்த வருஷம் பரீட்சையில யாரும் தேறல, அங்கியைத் திருப்பிக் கொண்டுபோங்க" என்று எப்படிச் சொல்வது? வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் மலையில் இல்லாத பழக்கம்.

அதனால் எங்கள் சபை ஒரு வழி கண்டுபிடித்தது. எப்போதோ ஞானஸ்நானம் வாங்கிய பன்னிரண்டு பேர் போய், புதியவர்களைப் போல அங்கி மாட்டி, இன்னொரு தடவை முங்கி எழுந்துவிடுவார்கள். அதற்கு விருந்தாளி முழுக்கு என்று பெயர். மூத்த விசுவாசியான மூப்பர் மெத்தெலூஸ்தான் எப்போதும் முதலில் இறங்குவார். கரையேறும்போது அவர் விடுகிற கண்ணீரைப் பார்த்தால் நமக்கே சந்தேகம் வந்துவிடும். எங்கள் பாஸ்டர் எக்ஸான்தூஸ் கரையில் குடை பிடித்து நின்று, இங்கிலீஷை எங்கள் பேச்சுக்கும் எங்கள் பேச்சை இங்கிலீஷுக்கும் மாற்றிச் சொல்வார். எல்லோருக்கும் சந்தோஷம். இதில் பாவம் ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

இந்த வருடம் புதன்கிழமை, பன்னிரண்டு பேரில் ஒருத்தியான ஆந்த்ரெனீஸ் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மெத்தெலூஸ் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நான் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தேன்.

"லாமெர்சி, ஒரு அங்கி மிஞ்சுது. உன் உயரத்துக்குச் சரியா இருக்கும்."

"நான்தான் தண்ணியில இறங்கக் கூடாதே மூப்பரே."

"அட, இது நிஜமில்லையே! நிஜமா இருந்தா உன்னைக் கூப்பிடுவோமா? சும்மா ஒரு முங்கு. அவருக்குப் பன்னெண்டு வேணும், அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. நிஜமாக இருந்தால் உன்னைக் கூப்பிடுவோமா! பதினான்கு வருடம் தம்ளர் கழுவியவளிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! கடலையைக் கிளறிக்கொண்டே, "சரி, வர்றேன்" என்றேன். அன்றைக்கே உபவாசத்தைத் தொடங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒசெலூஸ் மட்டும், "வயித்துக்கு என்ன?" என்று கேட்டான்.

சனிக்கிழமை என் பெட்டியைத் திறந்து, ஒன்பது வருடமாக வெட்டிவேரோடு சுருட்டி வைத்திருந்த வெள்ளைத் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஆற்றங்கரையில் மெத்தெலூஸ் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன இது, வெட்டிவேர் வாசனை தூக்குது! சும்மா முங்குறதுக்கு இவ்வளவு அலங்காரமா?"

"விருந்தாளி வர்றார்ல" என்றேன்.

பதினோரு பேரும் முங்கி எழுந்தார்கள். நான் கடைசி. தண்ணீர் இடுப்பளவு, நல்ல இழுப்பு. பாஸ்டர் டக்கின் ஒரு செருப்பை அது முன்பே கொண்டுபோய்விட்டது. விசுவாசிக்கிறாயா என்று கேட்டார். விசுவாசிக்கிறேன் என்றேன். பிறகு, மற்றவர்களிடம் கேட்காத ஒன்றை என்னிடம் கேட்டார். என் முகத்தில் என்னதான் கண்டாரோ! கரையிலிருந்து எக்ஸான்தூஸ் மாற்றிச் சொன்னார்: "இதுக்காக நீ எத்தனை நாளா காத்திருந்தன்னு கேக்குறார்."

"பதினாலு வருஷமா."

குடை ஒரு பக்கம் சாய்ந்தது. எக்ஸான்தூஸ் அதை நிமிர்த்திப் பிடித்தார். பிறகு சொன்னார், ஒரு வருடம்கூடக் குறைக்காமல். பாஸ்டர் டக் அழுதுவிட்டார். என் சொந்த ஊரில் இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்னை முக்கினார். காதுக்குள் ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை விருந்தாளிகள் புறப்பட்டுப் போனார்கள். புதன்கிழமை சபைக் கூட்டத்தில் நான் கை தூக்கினேன்.

"பாஸ்டர், வர்ற ஞாயிறு திருவிருந்து. நான் எந்த பெஞ்சுல உக்காரணும்?"

பாஸ்டர் பதில் சொல்வதற்கு முன்னால் மெத்தெலூஸ் சிரித்தார். "எந்த பெஞ்சா? உன் பெஞ்சுலதான்!"

"அது ஞானஸ்நானம் வாங்காதவங்க பெஞ்சு மூப்பரே. நான் சனிக்கிழமை வாங்கிட்டேன். நீங்கதானே பக்கத்துல ஈரத்தோட நின்னீங்க?"

"அடியே, அது விருந்தாளிக்கு!"

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு பேர் சொன்னாரே. அவங்க யாரு, அவங்களும் அமெரிக்காவுல இருந்து வந்த விருந்தாளிங்களா?"

பெண்கள் பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. நான் விடவில்லை.

"அறுபத்தோராம் கேள்வி என்ன, சொல்லுங்க மூப்பரே."

அவருக்குத் தெரியவில்லை. அவர் பரீட்சை எழுதி நாற்பது வருடமாகிறது.

"நானே சொல்றேன். ஒரு விசுவாசிக்கு ஞானஸ்நானம் எத்தனை? ஒன்று. உங்களுக்கு எத்தனை ஆச்சு?"

"நாலு" என்று முனகினார்.

"அஞ்சு" என்று அவர் மனைவியே திருத்தினாள்.

பாஸ்டர் எக்ஸான்தூஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து நின்றார்.

"லாமெர்சி சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யில்ல. ஆத்துல அதை நான்தான் இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னேன், எனக்குத் தெரியும். மத்த பதினோரு பேரும் கடவுள் பேரைச் சொல்லி நடிச்சீங்க. அந்த நடிப்புக்கு நான் குடை பிடிச்சேன். என்னோட சேர்த்துப் பன்னெண்டு பேரும் மூணு மாசம் சபை ஒழுங்குக்குக் கீழ. முதல் பேரா என் பேரை எழுதுங்க."

செயலாளரின் பேனா அந்தரத்தில் நின்றது. ஒழுங்குக்குக் கீழ் வந்தால் திருவிருந்து கிடையாது. கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும். திருவிருந்து நாளெல்லாம் பெயரும் காரணமும் சபை முன்னால் வாசிக்கப்படும். எனக்கு ஒரு கணம் பூரிப்பாக இருந்தது, மறைப்பானேன். ஆனால் மெத்தெலூஸ் சும்மா விடுகிற ஆளா?

"சரி பாஸ்டர், ஒத்துக்கிறேன். அப்ப இவ சபை அங்கத்தினர். அங்கத்தினர் ஒருத்தி மோதிரம் இல்லாம ஒருத்தனோட வாழ்ந்தா, அதுக்கும் ஒழுங்கு உண்டுல்ல?"

உண்டு. எனக்குத் தெரியாதா? பாஸ்டர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். செயலாளர் பதின்மூன்றாவது பெயரை எழுதி, உரக்க வாசித்தார்: "சகோதரி லாமெர்சி. காரணம், திரு. ஒசெலூஸுடன் திருமணமின்றி வாழ்வது. திருமணம் நடக்கும் வரை."

நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவி, "விடுடி, விடு" என்றாள். அவளுக்குப் புரியவில்லை. வழியில் போகிறவளை யாராவது சபை ஒழுங்குக்குக் கீழ் வைப்பார்களா? பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக என் பெயர் அங்கத்தினர் ஏட்டில் ஏறியிருந்தது. தண்டனையாகத்தான் ஏறியது. ஏறியது ஏறியதுதான்.

அந்த ஞாயிறு, அடுத்த மலையிலிருந்து வேறு ஒரு பாஸ்டர் வந்து திருவிருந்து கொடுத்தார். எங்கள் பாஸ்டர் என்னோடு கடைசி பெஞ்சில். மெத்தெலூஸும் மற்றவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு டக்கு டக்கென்று ஆடியது.

"ஒரு காத்து வருதா இங்க? பிரசங்கம் ஒண்ணுமே காதுல விழலையே" என்று மெத்தெலூஸ் முணுமுணுத்தார்.

"பதினாலு வருஷத்துல பழகிடும் மூப்பரே."

தட்டு வந்தது. பழக்க தோஷத்தில் அவர் கை நீண்டது. தட்டு முந்தைய பெஞ்சோடு திரும்பியது. நீட்டிய கையை அவர் மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். அப்போது அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது.

ஒசெலூஸ் எப்போதும் போல வெளியே மாமரத்தடியில் என்னை வீட்டுக்கு அழைத்துப்போகக் காத்திருந்தான். எங்கள் கோவிலுக்கு ஜன்னல் உண்டு, ஜன்னலுக்குக் கதவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறது.

"என் பேரை எதுக்கு வாசிக்கிறாங்க? நான் உங்க சபையே கிடையாதே!"

"காரணம் சொல்லணுமாம்."

"நானா காரணம்?"

அவன் கெட்ட நேரம், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. சந்தையில் பெண்கள், "காரணமே, கிழங்கு என்ன விலை?" என்று கேட்டார்கள். சேவல் சண்டைக் களத்தில், "காரணம் வந்தாச்சு, ஆரம்பிக்கலாம்" என்றார்கள். மூன்று அடுக்குக் கேக் என்று ஊர் பேசக் கூடாது என்றவன், ஊர் வாயில் கேக்கே இல்லாமல் விழுந்தான். செப்டம்பரிலும் வாசித்தார்கள், அக்டோபரிலும் வாசித்தார்கள். அந்த அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து புகைப்படமும் வந்தது: வெள்ளை அங்கியில் பன்னிரண்டு பேர், கீழே "பன்னிரண்டு புதிய ஆத்துமாக்கள்." பாஸ்டர் அதைச் சுவரில் மாட்டவில்லை. பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

நவம்பரில் மூன்று மாதம் முடிந்தது. ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போனார்கள். மெத்தெலூஸ் போவதற்கு முன் குனிந்து, சட்டைப்பையிலிருந்து சீவிய மரத்துண்டு ஒன்றை எடுத்து, பெஞ்சின் குட்டைக் காலுக்குக் கீழே செருகினார். "இதுல எப்படிடி இத்தனை வருஷம் உக்காந்திருந்த?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

செயலாளர் ஏட்டைத் திறந்தார். ஒரே ஒரு பெயர். ஒரே ஒரு காரணம். முப்பத்தாறு தம்ளர்களும் மேசையில் நிரம்பியிருந்தன. முந்தைய பெஞ்சுவரை சாறு வந்து, திரும்பிப் போனது. பெஞ்சில் நான் தனியாக இருந்தேன். இப்போது அது ஆடாததுதான் என்னவோ போலிருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒசெலூஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக. என் பக்கத்தில் உட்கார்ந்தான். தொப்பியை முழங்காலில் வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினான். என்னைப் பார்க்காமல், முன்னால் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஒரு அடுக்கு கேக்கு போதுமா, லாமெர்சி?"

எண்பத்து நாலு கேள்விக்கும் பதில் மனப்பாடமாகத் தெரிந்த நான், அவன் முழங்காலில் இருந்த தொப்பியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.