பக்கத்து போர்ஷன் அப்பா

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைப் பழிவாங்குவதற்காகத்தான் ஆரம்பித்தேன்.

என் அறைக்கும் பக்கத்து போர்ஷனுக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்றுதான் வீடு காட்டியவர் சொன்னார். பெயருக்குச் சுவர். அந்தப் பக்கம் ஒருவர் தினமும் மாலையில் போனில் பேசுவார். பேசுவார் என்பது மரியாதைக்கு. கத்துவார். நான் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் பிரிக்கும் நேரம் அது. நாவலில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். பத்தொன்பது வருடமாக வராத ஒருவனுக்காக ஒருத்தி ரயில் நிலையத்தில் நிற்பாள். அவன் வண்டியிலிருந்து இறங்கி வாயைத் திறக்கப் போவான். "குளிச்சியா? தலைக்கா, உடம்புக்கு மட்டுமா?" என்று சுவர் கேட்கும்.

அந்த நாவல்களிலும் அண்டை வீட்டுத் தொல்லை உண்டு. ஆனால் அவர்கள் பியானோ வாசித்துத் தொல்லை கொடுப்பார்கள். பொறுக்க முடியாதவர் நேர்த்தியான கையெழுத்தில் கடிதம் எழுதிக் கதவுக்கடியில் தள்ளுவார். எனக்கு அப்படியெல்லாம் கடிதம் எழுத வராது. அதனால் கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

[அவன் ஒரு மிருகம். அவன் குரல் எழும்போதெல்லாம் சுவரில் இருந்த பல்லிகூட]

பல்லியோடு நின்றுவிட்டது.

இரண்டாவது தொடக்கம்:

[தொல்லை தரும் மனிதர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர்]

இரண்டாவது வகை எது என்று கடைசிவரை தோன்றவில்லை.

மூன்றாவதில்தான் அவள் வந்தாள். என்னை எழுப்பிவிட்டு என் இடத்தில் அவளை உட்காரவைத்தேன். வயது இருபத்தெட்டு. தனியாக இருக்கிறாள். காது மருத்துவமனையில் வேலை. வருகிறவர்களுக்கு எவ்வளவு தூரம் காது கேட்கிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். சுற்றிலும் பஞ்சுமெத்தை ஒட்டிய சின்ன அறைக்குள் அவர்களை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷின் முன்னால் இவள் உட்காருவாள். பொத்தானை அழுத்தினால் உள்ளே மெல்லிசாக ஒரு சத்தம் போகும். கேட்டால் கையைத் தூக்குவார்கள்.

(இந்த வேலையை அவளுக்கு வேண்டுமென்றே கொடுத்தேன். நாள் முழுக்க நிசப்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கூச்சல். பழிவாங்கும் கதைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.)

குடிவந்த இரண்டாம் நாளே கீழே இருந்த வீட்டுக்காரம்மாவிடம் போனாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"சொல்லாமலா இருப்பேன்? கேக்கணுமேம்மா அந்த மனுஷனுக்கு! கொஞ்சம் மெதுவா பேசுங்கன்னு போய் நின்னேன். 'தண்ணியா? காலையிலயே வந்துருச்சே'ங்கறாரு. தெருவுக்கு ஒரு மைக்செட் போதாதுன்னு என் மாடிக்கும் ஒண்ணு."

அன்றிலிருந்து அவளுக்கும் அவர் மைக்செட்தான். பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். தட் தட்டென்று மெஷின் அடித்த அடியில் காது போனது. அவருக்கு மட்டும் அது தெரியாது.

3

அவருடைய மகள் நாலு மாதமாக வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். விடுதியில் தங்கல். தினமும் ஆறரை மணிக்குக் கூப்பிடுவாள். அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார். ஆக, இரண்டு பக்கமும் சுவர் தாண்டி வரும்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ரொட்டிப்பா."

"என்னது?"

"ரொட்டி!"

"எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டா? நீ என்ன குருவியா?"

"கத்தாதீங்கப்பா. ரூம்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும்! அவங்களுக்கு இப்படிக் கேக்க ஆளில்ல. அந்தப் பொறாமை!"

முதல் வாரம் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் தலையணைக்கடியில் முகத்தைப் புதைத்தாள். இரண்டாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து பஞ்சு எடுத்துவந்து காதில் அடைத்தாள். மூன்றாவது வாரம் என்ன செய்தாள் என்றால், டீயை ஆற்றிக்கொண்டு, சுவருக்கு முதுகைக் கொடுத்து, ஆறு இருபத்தைந்துக்கே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அப்படித் திட்டமிடவில்லை. அவளாகப் போய் உட்கார்ந்தாள்.

ஒருநாள் அந்தப் பக்கம் "எத்தனை?" என்று கேட்டது. இந்தப் பக்கம் யாருமில்லாத அறையில் இவள், "மூணு" என்றாள். சொன்ன பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது. கீழே போட்டால் நீங்கள் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள் என்பதால் இங்கேயே: அவளுக்கும் அப்பா இருக்கிறார். உயிரோடு, ஆரோக்கியமாக. பத்து வருடம் முன்பு அவள் படிக்க வெளியூர் வந்ததிலிருந்து அவர்களுக்குள் நடந்த போன் பேச்சு மொத்தமும் இதுதான்: "நல்லா இருக்கியா?" "இருக்கேன்பா." "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." போன வருடம் அம்மா இறந்துபோனாள். இப்போதும் அவர் "நல்லா இருக்கியா?" என்கிறார். இவள் "இருக்கேன்பா" என்கிறாள். அப்புறம் ஒரு சரசரப்பு. போன் காதைவிட்டு நகரும் சத்தம். கொடுப்பதற்காகக் கை நீள்கிறது. வாங்க ஆளில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போன் காதுக்குத் திரும்பி வருகிறது. "சரி, வெக்கட்டுமா?"]

4

இதுவரை எழுதியதும் பழிவாங்கும் எண்ணம் கையைவிட்டுப் போய்விட்டது. மைக்செட்டை என்ன செய்வது என்று தெரியாமல் நாலு நாள் சும்மா இருந்தேன். ஐந்தாம் நாள் மகள் பேசினாள்.

வழக்கமான ரொட்டி விசாரணை முடிந்தது. மகளின் குரல் திடீரென்று இறங்கியது.

"அப்பா, எனக்கு இங்க பிடிக்கலப்பா. யார்கூடவும் ஒட்டல. திரும்பி வந்துடட்டுமா?"

சுவருக்கு இந்தப் பக்கம் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாமா," என்றார் அவர். "நல்லது, நல்லது. அப்படித்தான் இருக்கணும்."



"அப்பா... நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு!"

"சரிப்பா. வெக்கிறேன்."

காது மந்தமானவர்கள் எல்லோரும் செய்வதுதான். எத்தனை தடவைதான் "என்னது, என்னது" என்று கேட்பது? குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டு தோராயமாக ஒரு பதிலைப் போட்டுவிடுவார்கள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். இது மீதி இரண்டில் ஒன்று.

அவள் எழுந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கதவுவரை போனாள். ஆனால் என்னவென்று சொல்வாள்? 'சார், உங்க பொண்ணு பேசறத நான் தினமும் உக்காந்து கேக்கறேன்' என்றா? திரும்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து மகள் சீக்கிரம் வைத்துவிட ஆரம்பித்தாள். ரொட்டி. ரெண்டு. சரிப்பா.

5

அடுத்த வாரம் மருத்துவமனையில் அவள் அறைக் கதவு திறந்தது.

"அட! பக்கத்து போர்ஷன் பொண்ணு! நீங்க இங்கயா இருக்கீங்க?"

வெளியே காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காது கேளாதவர்கள் உட்பட.

"உக்காருங்க சார்."

"என் பொண்ணு தொல்ல தாங்கலம்மா. காதைக் காட்டுனாத்தான் இனிமே போன் பண்ணுவேங்கறா. எனக்கென்ன, பாம்புக் காது! எல்லாம் நல்லா இருக்குன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, போட்டோ புடிச்சு அனுப்பிடறேன்."

"பாத்துட்டு எழுதறேன் சார்."

"காதுல மெஷின் கிஷினெல்லாம் மாட்ட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். அம்பத்தொம்பது வயசுதான் ஆகுது. மாட்டுனா அப்புறம் கிழவன் கணக்குல சேத்துருவாங்க."

ஹெட்போனை மாட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். உள்ளே இருப்பது சுழலும் நாற்காலி. உட்காருகிறவருக்குச் சோதிப்பவரின் கை தெரியாதபடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும் என்பது முதல் நாளே சொல்லித்தருகிற விதி. அவள் திருப்பவில்லை. மறந்தாளா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அழுத்தினாள். கை தூக்கினார். அழுத்தினாள். தூக்கினார். அவள் சந்தேகப்பட்டு, சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு வெறும் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்த முகத்தோடு கையைத் தூக்கினார்.

அவள் விரலைப் பார்த்துத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

சீட்டு அவருக்கு வேண்டும். அவர் கத்துவது இவளுக்கு வேண்டும். மெஷின் மாட்டினால் ஸ்பீக்கர் எதற்கு? சுவர் வெறும் சுவராகிவிடும். அவள் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. நாற்காலியை அப்படியே விட்டால் போதும்.

6

ஒரு முடிவு:

[அவள் நாற்காலியைத் திருப்பவில்லை. 'இரு காதுகளும் சரியாக உள்ளன' என்று எழுதிக் கொடுத்தாள். ஆறரை மணிக்குச் சுவர், "பாத்தியா! டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க!" என்று கத்தியது. மகள் மெதுவாக ஏதோ சொன்னாள். "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார். அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு]

இதை ஒரு நாள் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு என்ன என்று எழுத முடியவில்லை. அவள் மறுபடி டீயோடு அங்கே உட்காருவாள் என்று எழுத என் கை வரவில்லை.

7

இன்னொன்று:

அவள் எழுந்து உள்ளே போனாள். நாற்காலியைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏம்மா, உங்க மூஞ்சி தெரியலயே?"

"தெரிய வேணாம் சார்." குனிந்து, சத்தமாகச் சொன்னாள். "காதுல விழறது மட்டும் போதும்."

இந்தப் பக்கம் வந்து அழுத்தினாள். கை முழங்காலிலேயே இருந்தது. கூட்டினாள். இன்னும் கூட்டினாள். தாளில் கோடு மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போனது. அவருக்குக் கேட்காமலே பதினோரு சத்தங்கள் போய்விட்டன. அவர் பொறுமை இழந்து சுவரைப் பார்த்துக் கேட்டார்:

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து மாடிப்படியில் எதிரே வந்தார். காதுக்குப் பின்னால் கடலைப்பருப்பு நிறத்தில் ஒரு குட்டி மெஷின். குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"நான் இவ்ளோ நாளா கத்திக்கிட்டா இருந்தேன்?"

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"பொய் சொல்லாதீங்க. என் செருப்புச் சத்தமே எனக்குத் தாங்கல. பக்கத்துல நீங்க எப்படித்தான் பொறுத்தீங்க?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார்."

"நல்ல ஆளுதான் போங்க. காது டெஸ்ட் பண்றவங்களுக்கே கேக்கலையாம்!" சிரித்துவிட்டு ஒரு படி இறங்கி நின்றார். "ஞாயித்துக்கிழம பொண்ணு வர்றா. அங்க அவளுக்குப் பிடிக்கலையாம்மா. நேத்துதான் சொன்னா. வந்துடு, இதுக்கெல்லாமா என்னைக் கேப்பன்னுட்டேன்."

"நல்லது சார்," என்றாள் அவள்.

8

கதை இங்கே முடியலாம். தொல்லை தீர்ந்தது. ஆறரை மணிக்குச் சுவரில் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா மேலே வந்து, "கரண்ட் போன மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாவலில் வண்டியிலிருந்து இறங்கியவன் இனி நிம்மதியாக வாயைத் திறக்கலாம்.

ஆனால் அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுந்து போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறாள். டீ ஆறிவிட்டது. போனை எடுக்கிறாள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்பா."

சரசரப்பு. போன் நகர்கிறது.

"அப்பா, போனை எடுக்காதீங்க. காதுலயே வைங்க. உங்ககூடத்தான் பேசணும்."

நகர்ந்தது நின்றது.

"என்கூடயா?"

"ஆமாப்பா. எதையாவது சொல்லுங்க."

இப்போது அவர் பேச வேண்டும். நான் இங்கேதான் பன்னிரண்டு நாளாக நிற்கிறேன்.

["காலையில என்ன சாப்பிட்ட?" என்றார் அப்பா.] இது மைக்செட். அடித்துவிட்டேன்.

["உங்க அம்மா இருந்திருந்தா"] இதைச் சொல்கிற தைரியம் இருந்தால் அவர் போனை நீட்டவே மாட்டார்.

["மகளே, இத்தனை வருடங்களாக நான் உன்னிடம்"] இது ஏதோ நாவலில் ரயிலிலிருந்து பனியில் இறங்குகிறவர்.

எந்த வரியைப் போட்டாலும் வேறு யாருடைய அப்பாவோ வந்து நிற்கிறார். பேசுகிற அப்பாவை நான் சுவர் வழியாகத்தான் கேட்டிருக்கிறேன். இவர் வாயைத் திறந்தால் எந்தக் குரலில், எந்த வார்த்தையில் தொடங்குவார் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ.

அவர் எப்போதும் நின்றுகொண்டே போன் பேசுகிறவர். இப்போது அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிடுகிறது. உட்கார்ந்துவிட்டார். தொண்டையைச் செருமுகிறார். அதுவரைக்கும் என்னால் கேட்க முடிகிறது.

உங்கள் வீட்டில் பேசுகிற ஒருவர் இருந்தால், அல்லது பேசாமல் இருந்து ஒருநாள் பேசியவர் இருந்தால், அவர் முதலில் சொன்னது என்ன என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அலங்காரம் எதுவும் வேண்டாம். நாலு வார்த்தை போதும். எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அவள் அவசரப்படமாட்டாள்.

அப்பா சொன்னார்: "