இடது பக்கத்து ஜன்னல்

விஜயகுமாருக்கு அந்த யோசனை வந்தது கோயம்புத்தூர் பைபாஸில். எஸ்டேட் முதலாளியின் மகளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். ரோட்டோரம் ஒரு பெரிய பர்கர் கடை, அதன் பக்கவாட்டில் கார்கள் வரிசை கட்டி நின்றன. யாரும் இறங்கவில்லை. ஒரு ஜன்னலில் கேட்டார்கள், அடுத்த ஜன்னலில் வாங்கினார்கள், அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கால் மணி நேரம் வாயைப் பிளந்து பார்த்தான். போடிக்கு வந்து சேர்வதற்குள் சூர்யகலாவின் கடைச் சுவரை மனசுக்குள் இடித்து முடித்திருந்தான்.

சூர்யகலாவின் இட்லிக் கடை முந்தல் ரோட்டில், மலைக்குப் போகும்போது இடது கைப்பக்கம் இருக்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியற்காலையில் அந்த வழியாகத்தான் மேலே போகும். விஜயகுமாரின் ஜீப்பில் பதினான்கு பேர். ஏதோ உட்கார்ந்து போகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது, அடுக்கப்பட்டுப் போகிறார்கள். ஒருத்தி இறங்க வேண்டுமென்றால் ஆறு பேர் இறங்க வேண்டும். திரும்ப ஏறும்போது யார் மடியில் யார் முட்டி என்ற பஞ்சாயத்து முடிய இன்னொரு கால் மணி நேரம். மேலே ஏழரைக்கு வருகைப் பதிவேட்டில் பேர் போட்டுவிடுவார்கள், பிந்தினால் அரை நாள் கூலி போச்சு. அதனால் ஜீப்புகள் ஒவ்வொன்றாக அந்தக் கடையில் நிற்காமல் போக ஆரம்பித்திருந்தன.

விஜயகுமாரின் ஜீப் மட்டும் ஒரு நாளும் நிற்காமல் போனதில்லை. அதற்குக் காரணம் இட்லி இல்லை.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. மனைவி இறந்து ஏழு வருஷமாகிறது. சூர்யகலா அவனைவிட நாலு வயது இளையவள். புருஷன் போன பிறகு இந்தக் கடையை வைத்தே மகள் முத்துப்பிரியாவைப் படிக்கவைத்துத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தவள். தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிடக்கும். அதன் ஓரத்தில் விஜயகுமார் உட்காருவான். எத்தனை வேண்டும் என்று அவள் கேட்க மாட்டாள். இரண்டு இட்லி வைப்பாள். அவன் அதை முடிக்கவும் ஒரு முறுகல் தோசை இலையில் விழவும் சரியாக இருக்கும். கடைக்கு வருகிற டிரைவர்கள் அத்தனை பேரும் அவளுக்கு அண்ணன்கள்தான். “வாங்கண்ணே, என்னண்ணே வேணும்?” அவனை மட்டும் அவள் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. “வாங்க” என்பாள், அவ்வளவுதான். அந்த ஒற்றை ‘வாங்க’வை வைத்துக்கொண்டு மனுஷன் நாலு வருஷம் ஓட்டினான்.

சாயங்காலம் மலையிறங்கி வருகிற நேரத்தில் கடை சாத்தியிருக்கும். அவள் வீட்டுப் பக்கம் போக முடியாது. எதிர்வீட்டில் கொழுந்தனார் குடும்பம். பெண்டாட்டி இல்லாதவன் ஒருத்தன் வாசலில் வந்து நின்றால் தெருவே பேசும். போன் செய்தாலோ “பதினாலு டீ” என்பதற்கு மேல் அவனுக்கு நாக்கு புரளாது. ஆனால் கடைக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறவனை யார் என்ன கேட்டுவிட முடியும்? அந்தப் பத்து நிமிஷம்தான் அவனுடைய நாள். மீதியெல்லாம் வளைவும் கியரும்.

அந்தப் பத்து நிமிஷத்துக்கும் தன் கையாலேயே மண் அள்ளிப் போட்டுக்கொண்டான் பாருங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

“ஜீப்பு நிக்க மாட்டேங்குதுங்க. இப்பிடியே போனா கடைய இழுத்துச் சாத்த வேண்டியதுதான்” என்றாள் சூர்யகலா ஒரு நாள். அவள் முகம் வாடியதை அவனால் பொறுக்க முடியவில்லை. கோயம்புத்தூர் கதையைச் சொன்னான். கொத்தனாரை அவனே கூட்டிவந்தான். ரோட்டைப் பார்த்த சுவரில் ஜீப்பின் உயரத்துக்கு அளவெடுத்து, இடித்து, ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னான். பொட்டலம் வைக்கிற பலகைகூட அவன் வாங்கிவந்ததுதான்.

ஜன்னல் திறப்பதற்கு முதல் நாள், கல்லைத் துடைத்துக்கொண்டே சூர்யகலா சொன்னாள்: “நாளைக்கு உள்ள வந்துட்டுப் போங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“என்ன, ஜன்னல் கீலு சரியா விழலையா?”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். “கீலெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

மறுநாள் முதல் வண்டி அவனுடையதுதான். ஜன்னலை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் ஜீப்பை நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் பார்த்தான், ஜன்னல் இடது பக்கம். டிரைவர் சீட் வலது பக்கம். நடுவில் கியர் ராடு, தூக்குவாளி, முன்சீட்டில் தோட்ட வேலைக்கு வரும் அன்னக்கொடியும் அவள் நாத்தனாரும். இருபது வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்குத் தான் எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்பது மறந்துபோயிருக்கிறது. தோசைக்கல் சுட்ட தழும்புள்ள சூர்யகலாவின் கை மட்டும் பொட்டலத்தோடு நீண்டது. முகம் தெரியவில்லை. ஆனாலும் பெருமை தாங்கவில்லை. “பாத்தீங்களா, எறங்கவே வேணாம்!” என்று கடைக்கும் ரோட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான். பின்னால் நின்ற ஜீப் ஹாரன் அடித்தது. கிளம்பினான்.

அவள் உள்ளே வரச் சொன்னது மூன்றாவது வளைவில்தான் ஞாபகம் வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். மறுநாள் அவனுக்கு முன்னால் நாலு ஜீப், பின்னால் ஆறு. அதற்கு மறுநாள் இன்னும் கூடுதல். ஜன்னல் அப்படிப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பொட்டலம் கொடுப்பதற்கென்றே ரோஜா என்று ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தாள் சூர்யகலா. அன்றிலிருந்து அந்தத் தழும்புக் கையும் போயிற்று.

ஜீப்புக்குள் இதைப் பற்றித் தினமும் ஒரு வழக்கு நடக்கும். “ஏறி எறங்கி முட்டி தேயாம வாங்கித் திங்கிறமே, இந்தச் சொகம் வருமா?” என்பாள் அன்னக்கொடி. பின்சீட்டுக்காரிகள் விட மாட்டார்கள். “ஒனக்கென்ன, முன்னால இருக்க. வளைவுல சாம்பாரு பூராம் எங்க சீலையிலதான்.” “வெரசா போறம்ல?” “போயி என்னத்தக் கண்டம்? போனதும் காய் எடுக்கத்தான குனியுறோம்.” அதற்கு அன்னக்கொடி, தோட்டத்தில் பழகிய மலையாளத்தில் “மதி மதி”, போதும் போதும் என்று கையை உயர்த்தி வழக்கை முடித்துவைப்பாள். விஜயகுமார் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான். ஜன்னலில் எத்தனை இட்லிண்ணே என்று ரோஜா கேட்பாள், இரண்டு என்பான். முந்தல் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி, ஆறிப்போன இரண்டையும் விழுங்குவான். தோசை கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற தோசை அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அந்த ‘வாங்க’வைக் கேட்க வேண்டும் போல இருந்தது. ராத்திரி படுத்தால் அந்தப் பெஞ்சின் ஓரம்தான் கண்ணில் நின்றது.

இப்படி மூன்று மாதம் போயிற்று. ஐப்பசியில் ஒரு காலை, செக்போஸ்ட் தாண்டியதும் அன்னக்கொடி அவனிடம் சொன்னாள்: “சங்கதி தெரியுமா அப்பு? சூர்யகலா வர்ற ஞாயித்துக்கெழம திருப்பூருக்குப் போறாளாம். மகளுக்குப் பிரசவம். அங்கயே இருந்துரப் போறாளாம். கடை இனி ரோஜாவுக்குத்தான்.”

நாலாவது வளைவில் அவன் கியர் மாற்ற மறந்தான். ஜீப் முக்கி முனகி நின்றேவிட்டது. பெண்கள் சத்தம் போட்டார்கள்.

மறுநாள் ஜன்னலில் ஜீப்பை நிறுத்தி, பக்கத்து இரண்டு பேரையும் தாண்டிக் குரல் கொடுத்தான். “எப்பப் போறாங்களாம்?” அன்னக்கொடி அதை ரோஜாவிடம் சொன்னாள். ரோஜா உள்ளே பார்த்துக் கேட்டாள். பதில் அதே வழியில், சட்னிப் பொட்டலத்தோடு சேர்ந்து வந்தது: “ஞாயித்துக்கெழமதானாம்.” ஏன் அங்கேயே இருந்துவிடப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அதை இரண்டு வாய்களைத் தாண்டி எப்படி அனுப்புவது? ஹாரன் அடித்தது. கிளம்பினான்.

சனிக்கிழமை காலை. ஜீப் ஜன்னலுக்கு வந்தது. “எத்தனண்ணே?” என்றாள் ரோஜா. விஜயகுமார் இஞ்சினை அணைத்தான். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டான். கதவைத் திறந்து இறங்கினான்.

“அப்பு, எங்க போற? அங்க பேர் போட்டுருவாங்கய்யா!” என்றாள் அன்னக்கொடி.

“உள்ள போயி உக்காந்து சாப்பிட்டுட்டு வர்றேன்.”

அன்னக்கொடி அவன் முகத்தைப் பார்த்தாள், கடையைப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் திரும்பி, “எறங்குங்கடி” என்றாள். “அரை நாள் போனாப் போகுது. இடுப்ப நிமித்தி உக்காந்து தின்னு மூணு மாசமாச்சு.” இதுநாள் வரை ஜன்னலுக்காக வாதாடிய அதே அன்னக்கொடிதான். பதினான்கு பேரும் பொலபொலவென்று இறங்கினார்கள். பின்னால் ஜீப்புகள் கத்த ஆரம்பித்தன.

உள்ளே உட்கார இடமே இல்லை. பெஞ்சுகளின் மேல் பழைய பேப்பர் கட்டும் இலைக் கட்டும் டீ கப்பு அட்டைப்பெட்டியும் கூரை வரைக்கும் ஏறியிருந்தன. கல்லுக்குப் பக்கத்துப் பெஞ்சிலும் அப்படித்தான், அதன் ஓரத்தைத் தவிர. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு அது மட்டும் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

“அந்த எடத்துல மட்டும் எதையும் வைக்க விடாதுண்ணே எங்க அக்கா” என்றாள் ரோஜா, கேட்காமலே.

விஜயகுமார் கட்டுகளைத் தாண்டினான். அங்கே போய் உட்கார்ந்தான். சூர்யகலா கல்லுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். திரும்பவில்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை.

“அன்னைக்கு ஒண்ணு கேக்கணும்னீங்க” என்றான்.

“மூணு மாசங்கழிச்சு வந்து கேக்குறீங்க.”

“உங்களுக்காகத்தான அந்த ஜன்னல வெச்சேன்.”

“எனக்காகவா?” அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொள்ளலாம். “எறங்கவே வேணாம்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனீங்க. நான் எலையப் போட்டு வெச்சுக்கிட்டு உள்ள நின்னேன். எறங்க வேணாம்னு போறவர எந்த மொகத்த வெச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?”

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் தன்னுடைய ஏக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

“தப்புத்தான்” என்றான். “ஜீப்பப் பாத்தேன், ரோட்டப் பாத்தேன், ஒங்க கடை ஓடணுமேன்னு பாத்தேன். நான் எந்தப் பக்கம் உக்காருறேன்னு பாக்கல. உங்க மொகம் தெரியாம இந்த மூணு மாசமும் எனக்கு ஒரு சோலியும் ஓடல.”

பெண்கள் கட்டுகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் நின்றுகொண்டு மூச்சுக் காட்டாமல் கேட்டார்கள்.

“முத்துப்பிரியா அப்பவே கூப்பிட்டா” என்றாள் சூர்யகலா, குரலைத் தணித்து. “வந்து எங்கூடயே இருந்துரும்மான்னா. மகளுக்குப் பிரசவம், போகாம இருக்க முடியாது. போறேன்னு சொல்லட்டுமா, போயிட்டு வர்றேன்னு சொல்லட்டுமா, அதத்தான் உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன்.”

வெளியே எல்லா ஜீப்பும் ஒன்றாக ஹாரன் அடித்தன. விஜயகுமார் காதில் அது விழவில்லை.

“போயிட்டு வா” என்றான்.

‘வாங்க’ என்று வரவில்லை, ‘வா’ என்றே வந்துவிட்டது. அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. அன்னக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சூர்யகலா கல்லுப் பக்கம் திரும்பினாள். இலையைப் போட்டாள். இரண்டு இட்லி வைத்தாள். அவன் அதை முடித்தபோது தோசை விழுந்தது. ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. நாலு வருஷத்தில் அவள் கை தவறியது அன்றைக்குத்தான்.

பதில் வரும் வரும் என்று இலையை மடித்த பிறகும் உட்கார்ந்திருந்தான். வரவில்லை. கடைசியில் எழுந்தான். பதினான்கு பேரையும் மறுபடி அடுக்கி, அவன் சாவியைத் திருகியபோது ஜன்னலில் ரோஜா இல்லை. தழும்புள்ள கை பலகைமேல் இருந்தது. முன்சீட்டில் அன்னக்கொடி தானும் சாய்ந்து, நாத்தனாரையும் இழுத்துச் சீட்டோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரையும் தாண்டி, இடது பக்கத்து ஜன்னலில் சூர்யகலாவின் முகம் முழுசாகத் தெரிந்தது.

“தை பொறந்ததும்” என்றாள் அவள். கொஞ்சம் நிறுத்தி, “போயிட்டு வர்றேன்” என்றாள்.

கிளம்புகிறவன் அவன். நின்றுகொண்டிருக்கிறவள்தான் அதைச் சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். முந்தல் செக்போஸ்ட் வருகிற வரைக்கும், தைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே வண்டி ஓட்டினான்.