பதினேழாம் பக்கத்து விரிசல்

நகரத் திட்ட அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், லிஃப்ட் அறையை ஒட்டிய சின்ன அறைதான் சத்தம் மற்றும் அதிர்வுப் பிரிவு. லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் அந்த அறையின் சுவர் முனகும். அதைப் பற்றி எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்தான். ஆனால் கொடுத்தால் அது அவளிடமேதான் வந்து சேரும். பிரிவில் அவள் ஒருத்திதான் ஆள். அலுவலகத்தில் அவளுக்கு டெசிபல் என்று பெயர்.

பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவள் இருநூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதியிருந்தாள். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் கடைசிவரை படித்ததில்லை. இது மனத்தாங்கலில் சொல்வதல்ல, அவளே சோதித்துப் பார்த்தது. ஒருமுறை பேருந்து நிலைய அறிக்கையின் நடுவே, "இந்த வரியைப் படிப்பவர் தயவுசெய்து என்னைக் கூப்பிடவும்" என்று எழுதி, தன் மேஜை போன் எண்ணையும் கொடுத்திருந்தாள். அறிக்கை நான்கு அதிகாரிகளின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. போன் வரவில்லை.

அவளுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

அப்படியிருக்கும்போதுதான் திட்ட அதிகாரி அவளைக் கூப்பிட்டு ஒரு கோப்பை நீட்டினார்.

"ஏம்மா, ஒரு வேகத்தடை விவகாரம். எடுக்கணும்னு ஒரு மனு, எடுக்கக் கூடாதுன்னு ஒரு மனு. ரெண்டு பேரும் எதிரெதிர் வீடு. கூடப்பிறந்தவங்க வேற."

"எது மேல புகார் சார்? சத்தமா, அதிர்வா?"

"அண்ணனுக்கு அதிர்வு. தங்கச்சிக்கு அண்ணன்."

கதை இதுதான். அந்தத் தெரு நேர்கோடாக இறங்கும் ஒரு சரிவு. கீழே சரக்குக் கிடங்கு இருப்பதால் காலையிலிருந்து லாரிகள் போகும், அவற்றை முந்திக்கொண்டு பைக்குகள் பறக்கும். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பைக், தையல்காரம்மாவின் பதினோரு வயது மகளை அடித்துத் தள்ளியது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தையல்காரம்மா அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்கி, ஒரு வேகத்தடையை வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தாள். அது போட்ட மூன்றாம் வாரம் எதிர்வீட்டிலிருந்து அவளுடைய அண்ணன் மனுப் போட்டார். வீடு ஆடுகிறது, தூக்கம் போச்சு, சுவரில் விரிசல் விழுந்துவிட்டது, தடையை எடுக்க வேண்டும். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

டெசிபல் மறுநாள் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கீழே கடை, மேலே வீடு. ஆள் ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு, தானே ஒரு கண்ணாடிக் கூடு மாதிரி இருந்தார்.

"உக்காருங்க மேடம். அந்த எழுத்து அட்டையோட கடைசி வரியைப் பாருங்க. லாரி வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்தாள். லாரி வந்தது. வெளியே திடும் என்று ஒரு சத்தம், அலமாரிக் கண்ணாடிகள் எல்லாம் பல்லைக் கடித்தன, எழுத்து அட்டை லேசாக நடுங்கியது.

"கண் காட்ட வர்றவங்க, ஆடுறது எழுத்தா என் கண்ணான்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

பிறகு மாடிக்கு அழைத்துப் போய்ப் படுக்கையறைச் சுவரைக் காட்டினார். ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல், மெலிந்த நதி மாதிரி, பாதிச் சுவர்வரை இறங்கியிருந்தது.

"வேகத்தடை போட்ட மறு வாரமே வந்துது, மேடம். எழுதிக்கோங்க."

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். சுவரின் நிறம் வெள்ளை. விரிசலுக்குள் பழைய பச்சைப் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. பச்சைக்கு அடியில் மஞ்சள். மறு வாரம் வந்த விரிசலுக்குள் இரண்டு தலைமுறைப் பெயிண்ட் எப்படிப் போய் உட்கார்ந்தது என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கீழே போனதும் அந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அது எங்க மூத்தவன் பொறந்த வருஷத்துலேர்ந்து இருக்குது. ஆனா அவர் பொய் சொல்லலம்மா. அவர் நெஜமாவே இப்பதான் பாத்திருக்கார்."

"இவ்வளவு நாள் பாக்கலையா?"

"இவ்வளவு நாள் தூங்கிட்டு இருந்தாரு."

டெசிபல் படுக்கையறைத் தரையிலும் கடைத் தரையிலும் அதிர்வு உணரும் பெட்டிகளை வைத்தாள். ஒரு வாரம் இருக்கட்டும், கூடவே எப்போது தொந்தரவு தெரிகிறதோ அப்போது நேரத்தைக் குறித்து வையுங்கள் என்று ஒரு நோட்டைக் கொடுத்தாள். பிறகு தெருவைக் கடந்தாள்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை. "அந்த வீட்டுக்குப் போயிட்டுதான் இங்க வர்றீங்க?"

"முதல் மனு அவருதுங்க."

"எல்லாத்துலயும் அவர்தான் முதல்ல." துணியைத் திருப்பிப் போட்டாள். "ஒண்ணு சொல்லிடறேன். தடையை எடுத்தீங்கன்னா இந்த மெஷினைத் தூக்கிட்டுப் போய் நடு ரோட்டுல போட்டு அங்கயே தைப்பேன். அப்ப வண்டியெல்லாம் மெதுவாப் போகும்ல?"

போகும் என்பதை டெசிபல் தொழில்முறையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வாசலில் அந்தப் பெண் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறாள்.

வெளியே வந்து மட்டப்பலகை வைத்து வேகத்தடையின் உயரத்தை எடுத்தாள். வரைபடத்தில் பத்து சென்டிமீட்டர். ரோட்டில் பதினாலரை. நாலரை சென்டிமீட்டர் தார் தானாக வளராது. சாலை மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

"அந்த அம்மா வந்து நின்னாங்க மேடம். 'இன்னும் கொஞ்சம்'னாங்க. போட்டோம். மறுபடியும் 'இன்னும் கொஞ்சம்'னாங்க. ஏதோ சாப்பாட்டுப் பந்தியில கேக்குற மாதிரியே கேட்டாங்க."

"கேட்டா போட்டுடறதா?"

"அந்தப் பொண்ணு கால்ல கட்டோட வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு மேடம்," என்றார் மேஸ்திரி.

ஒரு வாரம் கழித்துப் பெட்டிகளை எடுத்து வந்து எண்களைப் பார்த்தாள். தெருவில் எடுத்த வேகக் கணக்கில், தடைக்கு முன் மணிக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டராக இருந்தது பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. தையல்காரம்மா சொன்னது சரி. ஒவ்வொரு காலி லாரியும் தடையில் ஏறி இறங்கும்போது படுக்கையறைத் தரை நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்துக்கு அதிர்ந்தது. சுவரைப் பிளக்க அது போதாது, தூங்குகிறவனை எழுப்ப தாராளமாகப் போதும். கண்ணாடிக்காரர் சொன்னதும் பாதி சரி. அந்த வாரத்தின் மிகப் பெரிய அதிர்வு மூன்று புள்ளி இரண்டு. அது லாரி இல்லை. வியாழக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, தங்கை கணவர் எதிர்வாசலில் நின்று யாரையோ பார்த்துச் சிரித்தபோது, கண்ணாடிக்காரர் தன் கதவைத் தானே அறைந்து சாத்தியது. அவர் நேர்மையான மனிதர். நோட்டில் அதையும் குறித்திருந்தார். மற்றபடி நோட்டின் ஏழு பக்கமும் ஒரே சொல்தான். 5.50, திடும். 6.05, திடும். 6.20, திடும்.

அறிக்கை இருபத்திரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் தீர்வு: தடையை எடுக்க வேண்டாம். இப்போதுள்ளதைச் சுரண்டிவிட்டு, சரிவில் பதினெட்டு மீட்டர் மேலே தள்ளி, தண்ணீர்த் தொட்டியின் மதில் ஓரம், நீளமாகவும் தாழ்வாகவும் தட்டையான ஒன்றைப் போடலாம். வேகமும் குறையும், வீடும் ஆடாது. யார் செய்தது யார் சொன்னது என்ற பேச்சே அந்தப் பக்கத்தில் கிடையாது.

ஆனால் உயரம் ஏன் கூடியது என்பதை எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும்? காரணம் இல்லாத எண்ணை வெளியே விட அவளுக்கு மனசு வராது. அதனால் மேஸ்திரி சொன்னது பதினாலாம் பக்கத்தில், இணைப்பு இரண்டில் போனது. விரிசலுக்குள் இருந்த பச்சையும் மஞ்சளும் பதினேழாம் பக்கத்தில், இணைப்பு மூன்றில். கதவு பத்தொன்பதில். எல்லாம் பொடி எழுத்து. யாரையும் காட்டிக்கொடுத்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. கிணற்றில் போட்டதாகத்தான் தோன்றியது.

விதிப்படி மனுதாரர் இருவருக்கும் ஆளுக்கொரு பிரதி போயிற்று.

நான்காம் நாள் போன் அடித்தது.

"மேடம், பதினேழாம் பக்கம், மூணாவது பத்தி," என்றது கண்ணாடிக்காரரின் குரல். "என்னைப் பொய்யன்னு சொல்றீங்களா?"

கிணற்றில் போட்டது மேலே வந்துவிட்டது டெசிபலுக்குப் புரிந்தது. அதே நொடியில், வெட்கப்பட வேண்டிய ஒரு சந்தோஷமும் வந்தது. இணைப்பு மூன்று! அவள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்குள் அவர் வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் தையல்காரம்மா.

"பதினாலாம் பக்கம் படிச்சேன். நான் கேட்டது உண்மை. ஆனா 'பலமுறை வற்புறுத்தி'ன்னு போட்டிருக்கீங்க. ரெண்டே ரெண்டு தடவைதான் கேட்டேன். திருத்துங்க."

இருவரும் அறிக்கையை வரி விடாமல் படித்திருந்தார்கள். மற்றவரின் தப்பைத் தேடிக்கொண்டே போய் ஆளுக்கு ஆள் தன் தப்பில் முட்டிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. திட்ட அதிகாரி நடுவில், அவர் முன்னால் முதல் பக்கம் மட்டும். கண்ணாடிக்காரரின் பிரதியில் துண்டுச் சீட்டுகள் கோழி இறகு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. தங்கையின் பிரதியில் குண்டூசிகள்.

கண்ணாடிக்காரர் எழுந்து பதினாலாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். "நாலரை சென்டிமீட்டர் சார். என் தூக்கத்தை நாலரை சென்டிமீட்டர் கூடக் கேட்டு வாங்கியிருக்கா."

தையல்காரம்மா உட்கார்ந்தபடியே பதினேழாம் பக்கத்தை வாசித்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தே சொன்னாள்: "அந்தச் சுவத்துக்கு மஞ்சள் அடிச்சப்ப அந்த விரிசல்ல சுண்ணாம்பு வச்சு அடைச்சதே நான்தான் சார். அண்ணன் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு."

அறையில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. டெசிபலின் கணக்கில் அது நாற்பத்தாறு.

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றார் கண்ணாடிக்காரர். சீட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். "முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். சுவரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பதான் கண்ணுல பட்டுச்சு."

"ஒரு லாரி சத்தத்துக்கா இவ்வளவு?" என்றாள் தங்கை. இப்போது அவரைப் பார்த்து.

"லாரி சத்தம் இல்லம்மா அது." அவர் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு நான் கடையில இருந்தேன். பாப்பாவை நான் பாக்கல. சத்தத்தைத்தான் கேட்டேன். திடும்னு. யார் என்னன்னு தெரியாமதான் வெளியே ஓடினேன். இப்ப காலையில அஞ்சு அம்பதுக்கு ஒரு தடவை, ஆறு அஞ்சுக்கு ஒரு தடவை... ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு ஜன்னல்ல போய்ப் பாத்துட்டு வந்து படுக்குறேன்."

அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான் என்பது எந்த மனுவிலும் இல்லை. தையல்காரம்மா தன் பிரதியிலிருந்து ஒரு குண்டூசியை உருவினாள்.

"இதை மனுவுல எழுதியிருக்கலாம்ல?"

"மனுவுல அதுக்குக் கட்டம் இல்ல."

அது உண்மை. படிவம் நான்கில் விரிசல், ஓட்டை, தூக்கக் கெடுதல், இதர சேதம் என்று நான்கு கட்டங்கள்தான். டெசிபல் வடிவமைத்த படிவம் அது.

திட்ட அதிகாரி தொண்டையைச் செருமி, அவள் பக்கம் குனிந்தார். "ஏம்மா, இது எந்த இணைப்புல இருக்கு?"

"எதுலயும் இல்ல சார்."

"அப்ப நான் முதல் பக்கத்துல கையெழுத்துப் போட்டுடறேன்," என்று போட்டார்.

ஆறு வாரத்தில் பழைய தடையைச் சுரண்டி எடுத்தார்கள். புதியதைத் தொட்டி மதில் ஓரம் போட்டபோது மேஸ்திரி வரைபட உயரத்துக்கு வெட்டிய மர அச்சு ஒன்றோடு வந்தார். தையல்காரம்மாவும் வந்து நின்றாள். அவர் பயந்துகொண்டே ஏறிட்டுப் பார்த்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர்தான், "தாழ்வா தெரியுதே, வண்டி நிக்குமா? இன்னும் கொஞ்சம் போடலாமே," என்றார். மேஸ்திரி அந்த அச்சைத் தூக்கி அவரிடம் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

முடிந்த பத்தாம் நாள் டெசிபல் மறு அளவீட்டுக்குப் போனாள். லாரிகள் இருபத்திரண்டில் போய்க்கொண்டிருந்தன. ஏறுவதும் இறங்குவதும் ஒரு பெருமூச்சு மாதிரி நீளமாகக் கேட்டது. படுக்கையறைத் தரையில் காலால் உணர முடியாத அளவுக்குத்தான் அதிர்வு இருந்தது. அதற்கப்புறம் கடைக்குள் சத்தத்தை அளக்க வேண்டும். ஒலி அளவியை முக்காலியில் நிறுத்தி, "பத்து நிமிஷம் யாரும் பேசாம இருந்தா போதும்," என்று கேட்டுக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். தையல் துணியோடு வந்து உட்கார்ந்திருந்த தங்கையும் தலையாட்டினாள். இரண்டாம் நிமிஷம் அவர், "பாப்பா இன்னிக்குப் படி ஏறினாளா?" என்றார். அவள் ஏறினதையும், மருத்துவர் சொன்னதையும், மருத்துவருக்கு முன்னால் ஒரு பெண்மணி வரிசையில் புகுந்ததையும் சொன்னாள். டெசிபல் பொத்தானை அழுத்தி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தமுறை அண்ணியும் உள்ளிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். மூன்றாம் முறை வரிசையில் புகுந்த பெண்மணி யாருக்குச் சொந்தம் என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டையே வந்தது.

டெசிபல் கருவியை அணைத்து உறையில் போட்டாள். குறிப்புக் கட்டத்தில், "உரையாடல் காரணமாக மூன்று அளவீடுகள் தள்ளுபடி. நாளை மீண்டும் முயற்சி" என்று எழுதி, அவர்கள் நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.