நன்மை வாங்கிய நாக்கு

பிலோமினாள் மாத்திரைகளைக் கரண்டியில் நசுக்கிச் சீனி போட்டுக் குழைத்துக்கொண்டிருந்தபோது, நாத்தனார் தெரசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காலையிலதான் சாமியார் வந்து அவஸ்தை எண்ணெய் பூசி, நாக்குல நன்மை அப்பத்தை வச்சுட்டுப் போனாரு. அந்த நாக்குல இந்தக் கசப்பையா வைப்ப?”

கட்டிலில் மாமனார் ராயப்பன் கிடந்தார். பரவை மிஷன் பள்ளிக்கூடத்தில் மணியடித்து, எழுபத்தாறாம் வருஷம் ஓய்வு பெற்றவர். ஈரலில் புற்று. பெரியாஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அது போதாதென்று மலேரியா வேறு. முதலில் கொடுத்த மாத்திரையிலேயே காய்ச்சல் விட்டுவிட்டது. பிறகெதற்கு இன்னொன்று என்பதுதான் தெரசாவின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்த மலேரியாக்காரர் கண்ணுச்சாமி சொல்லியிருந்தார்: “காச்சல் நின்னாலும் கிருமி ரத்தத்துல கெடக்கும்மா. அவரைக் கடிக்கிற கொசு அதை எடுத்துட்டுப் போயி அடுத்த ஆளுக்குக் குடுத்துரும். இந்த மாத்திரை அதைக் கொன்னுரும், ஒரு தடவ போதும். உன் பிள்ளை ரத்தத்துல இதுவரைக்கும் ஒண்ணுமில்ல. கைப்பிள்ளைக்கு இதைக் குடுக்கக் கூடாது, பெரியவருதான் முழுங்கணும்.”

கைப்பிள்ளை அதே அறையில் தொட்டிலில் கிடந்தான். வீட்டில் இருப்பதே ஓர் அறை. பிலோமினாளுக்குத் தூக்கமே போயிருந்தது. மாமனாரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயப்படுவதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

“மதினி, பிள்ளைக்காகத்தான் கேக்குறேன்.”

“எங்கய்யா நிம்மதியாப் போகட்டும்.”

ராயப்பன் கண்ணைத் திறந்தார். “என்னத்தா சண்ட?”

அவர் கரண்டியைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

விழுங்கி முடிக்க வெகுநேரம் ஆனது. முகம் கோணியது. “பள்ளிக்கூடத்துக் காப்பிக்கு இது தேவல” என்றார்.

அதன்பின் சில இரவுகள் இருந்து, ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார்.

உடலைக் குளிப்பாட்டத் தூக்கிப் போனதும் பிலோமினாள் படுக்கையைச் சுருட்டினாள். தலைமாட்டுச் சுவரில் ரத்தம் குடித்துப் பருத்த கொசு ஒன்று உட்கார்ந்திருந்தது. ஓங்கி அடித்தாள். உள்ளங்கை சிவந்தது.

வாசற்படியில் அழுதுகொண்டிருந்த தெரசா திரும்பிப் பார்த்தாள். “அய்யாவைக் கடிச்சதா?”

“இருக்கும் மதினி.”

“கடிச்சா என்ன. அவருதான் முழுங்கிட்டாருல்ல.”

பிலோமினாள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, சிணுங்கிய பிள்ளையைத் தூக்கிப் பாலுக்கு விட்டாள்.